தனிவழிச் செல்லும் பெண்ணும் காவற் கடமையும்

ஒருவருக்கு ஆபத்து நேரக்கூடும் என அறிந்தவிடத்து அவரை எச்சரிப்பது அறமா, அன்றா என்று வினவினால், அறமே என எவரும் தயங்காது விடையளிப்பர். பாழ்ங்கிணறு உள்ள பக்கமாக இருளிலே நடந்து செல்பவனைக் கண்டும் பேசாதிருந்தவனை நாம் நல்லவன் எனக் கொள்வதில்லை. ஆயின், அவ்வெச்சரிக்கை ஒருநாட் பொழுதுக்கன்றி வாழ்நாள் முழுவதற்கும் உரியதாகவும், மக்களுள் ஒரு பாலாருக்கு மாத்திரம் விதிக்கப்படுவதாகவும், கிணற்றுக்குக் கட்டுக் கட்டுவதற்கு எவரும் முன்வராத நிலையில் வழிப்போக்கருக்கே திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதாகவும் அமையுமானால், அதனை இன்னமும் அறமென்றே கூறலாமா? இவ்வினாவை, தெருவிலே தனியே சைக்கிளிற் செல்லும் பெண்ணின் நிலையை ஆதாரமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தத்துவ விசாரணைக்குச் சைக்கிளும் ஒரு பொருளாகுமோ என நகைப்பார் உளராயின், அவர்கள் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவரல்லர் என்றே கொள்ளவேண்டும். 1990ஆம் ஆண்டின் பின்னர் குடாநாட்டுக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்டிருந்த காலத்திலே நோயாளியை வைத்தியசாலைக்கும், நெல்மூடையை ஆலைக்கும், பிள்ளையைப் பள்ளிக்கும் கொண்டு சென்றது அதுவே. மின்சாரமற்ற இரவுகளில் அதன் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் இன்றும் எம்மிடையே உள்ளனர். என் அம்மம்மா சைக்கிளில் ஏறியவரல்லர். ஏறியிருந்தால் ஊர் என்ன சொல்லியிருக்கும் என்பதை அவர் இன்றும் அபிநயத்தோடு சொல்லிக் காட்டுவார். என் அம்மாவோ தமது பதினாறாவது வயதிலே முன்னே தம்பியையும் பின்னே தண்ணீர்க் கலனையும் ஏற்றிக்கொண்டு ஓடியவர். ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்த இம்மாற்றத்தை எந்தச் சீர்திருத்தச் சங்கமும் தீர்மானம் நிறைவேற்றிக் கொண்டுவரவில்லை, தேவையே கொண்டுவந்தது. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியின்போது தென்னிலங்கை நகரங்களில் சைக்கிள்கள் மீண்டும் தலைகாட்டியதைக் கண்டு எங்கள் வீட்டார் சிறிது பெருமிதத்தோடு புன்னகைத்தது எனக்கு நினைவிருக்கிறது.

பிற இடங்களிலும் இவ்வாகனம் பெண்ணின் வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையதாகவே இருந்துவந்துள்ளது. அமெரிக்கப் பெண்ணுரிமைப் போராளியான சூசன் பி. அந்தனி, பெண் விடுதலைக்கு உலகில் வேறெதனையும்விடச் சைக்கிளே அதிகம் உதவியது என்ற கருத்தினை 1896இல் அளித்த செவ்வியொன்றிலே வெளியிட்டார். தமிழகத்தின் புதுக்கோட்டை மாவட்டத்திலே 1990களின் தொடக்கத்தில் நடைபெற்ற அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு சைக்கிளோட்டத்தையும் கிராமப் பெண்களுக்குக் கற்பித்தது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னின்று ஊக்கமளித்தார். ஏளனப் பேச்சுக்களைச் சகித்துக்கொண்டே அப்பெண்கள் பல்லாயிரக் கணக்கில் ஓடக் கற்றனர். இவ்விரு செய்திகளிலும் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. சைக்கிள் பெண்ணுக்குத் தந்தது விரைவு மாத்திரமன்று. எவரேனும் கூட்டிச் செல்வர் எனக் காத்திராமல், பேருந்து வரும் நேரத்தை நம்பாமல், தான் நினைத்த பொழுதில் தான் நினைத்த இடத்துக்குத் தனியே செல்லும் ஆற்றலையே அது தந்தது. ஆகவே, 'சைக்கிளில் போ, ஆனால் தனியே போகாதே' என்று கூறுவது, பாடு, ஆனால் குரல் வெளியே கேட்கக் கூடாது எனக் கூறுவதை ஒத்ததாகும்.

இதனை நான் நூல்களில் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. சாதாரணதரப் பரீட்சைக்கு ஆயத்தஞ்செய்த ஆண்டிலே மாலைநேர ரியூசன் முடிந்து வீடு திரும்ப எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. பிரதான வீதி சுற்றுவழி. பனங்கூடலை ஊடறுத்துச் செல்லும் ஒழுங்கை அதிற் பாதித் தூரம். ஒருநாள் மோட்டார் சைக்கிளில் ஒருவன் என் பின்னே மெதுவாக வந்தான். மறுநாளும் வந்தான், ஏதோ சொல்லிச் சிரித்தான். மூன்றாம் நாள் அருகே வந்து என் கரியரைப் பிடித்து இழுத்தான். நான் நிலைதடுமாறி ஒரு வீட்டுப் படலையோடு மோதி நின்றேன். என்னையறியாமலே மணியை அடித்துக்கொண்டிருந்தேன் போலும். உள்ளே ஒரு நாய் பலமாகக் குரைத்தது. அவன் போய்விட்டான். நடந்தது அவ்வளவே. பிறருக்கு நேர்ந்தவற்றோடு ஒப்பிட்டால் இதனை எழுதுவதற்கே நான் கூசவேண்டும்.

அன்றிரவு எங்கள் வீட்டில் மூன்று தீர்மானங்கள் எடுக்கப்பட்டன. ஒழுங்கையால் இனி வருவதில்லை. ஆறரை மணிக்கு முடியும் கணித வகுப்பு நிறுத்தப்படும். மற்றைய வகுப்புகளுக்குத் தம்பி துணைக்கு வருவான். மூன்றும் என்னைப் பற்றியன. நான்காவதாக, அவனைப் பற்றியும் ஒரு தீர்மானம் எடுத்திருக்கலாம் என்பது அன்று எவருக்கும் தோன்றவில்லை, எனக்குந்தான் தோன்றவில்லை. தம்பிக்கு அப்போது பதினொரு வயது. கிரிக்கெட் மட்டையைத் திண்ணையில் வைத்துவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு வருவான். ஒருநாள் பாதி வழியிலே, 'அக்கா, அந்த ஆள் வந்தால் நான் என்ன செய்யவேணும்?' என்று கேட்டான். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. அவனைக் காப்பதும் என் பொறுப்பாயிற்று என்பதை மட்டும் உணர்ந்தேன்.

என் பெற்றோரை நான் குறை கூறுகின்றேன் என எவரும் கொள்ளலாகாது. அஞ்சத்தக்கதற்கு அஞ்சாமை அறியாமையென வள்ளுவர் கருதினார். அரிஸ்டோட்டிலும் வீரத்தைக் கோழைமைக்கும் கண்மூடித் துணிவுக்கும் இடைப்பட்ட நிலையாகவே வைத்தார். ஆபத்தே இல்லையென்று பாவனை செய்வது விடுதலையாகாது. புறப்படுமுன் செல்லுமிடத்தை வீட்டிற் சொல்லுதல், பிரேக்கையும் விளக்கையும் பார்த்துக்கொள்ளுதல், தாவணியோ சால்வையோ சில்லிற் சிக்காமற் கட்டுதல், தினமும் ஒரே வேளையில் ஒரே வழியாற் செல்லாதிருத்தல், எவனேனும் பின்தொடர்ந்தால் வீட்டை நோக்கி ஓடாமல் ஆட்கள் நிற்கும் கடையடிக்கு ஓடுதல் ஆகியவற்றை நானும் செய்கின்றேன்; பிறருக்கும் சொல்கின்றேன். கடைசியாகச் சொன்னதை ஒரு தோழி எனக்குச் சொல்லித் தந்தாள். வீடு எங்கேயென்று அவனுக்குக் காட்டிக் கொடுக்காதே என்பது அவள் வாதம். இத்தகைய அறிவிலே இழுக்கு எதுவுமில்லை. ஆனால் எச்சரிக்கைகள் எல்லாம் ஓரினத்தவையல்ல. போவதற்கு உதவுகின்ற எச்சரிக்கை ஒன்று. போகாதிருக்கச் செய்கின்ற எச்சரிக்கை மற்றொன்று. முன்னையது மாலுமிக்கு நட்சத்திரங்களைக் காட்டுவது. பின்னையது கப்பலைக் கரையிலே கட்டி வைப்பது. இரண்டையும் 'கவனம் பிள்ளை' என்ற ஒரே சொற்றொடராற் குறிப்பிடுவதே எங்கள் குழப்பத்துக்கு ஊற்றுக்கண்.

இங்கே வழக்கமாக ஓர் உவமை கூறப்படும். வீட்டைப் பூட்டாமற் சென்று களவு போனால், கள்வனைக் குற்றஞ்சாட்டும்போதே வீட்டுக்காரனையும் கவலையீனன் என்கிறோமே. பெண் விடயத்தில் மட்டும் அதனை ஏன் சொல்லக்கூடாது என்பர். நியாயம் போலத் தோன்றும் இவ்வுவமை உற்றுநோக்குங்கால் நிலைகுலைகின்றது. வீட்டைப் பூட்டுவதால் வீட்டுக்காரனுக்கு நட்டமில்லை, வீட்டுக்கும் நட்டமில்லை. அவன் சாவியை மடியிலே செருகிக்கொண்டு தன் பயணத்தைத் தொடர்கின்றான். பெண்ணின் விடயத்திலோ பூட்டப்படும் பொருளும் பெண்ணே, பயணம் நின்றுபோகின்றவளும் பெண்ணே. நான் இழந்த கணித வகுப்பை எந்தக் கள்வனும் கொண்டுபோகவில்லை, பூட்டுத்தான் கொண்டுபோயிற்று. பரீட்சையில் எனக்குக் கணிதத்திற் கிடைத்த சித்தியைப் பற்றி இங்கே எழுதாமல் விடுவதே நன்று.

காரணத்துக்கும் பொறுப்புக்கும் உள்ள வேறுபாட்டை மறப்பது இதனினும் பெரிய பிழை. 'அவள் அந்த வழியாற் போகாதிருந்தால் இது நடந்திராது' என்ற கூற்று உண்மையே. அவள் பிறவாதிருந்தாலும் நடந்திராது. ஒரு நிகழ்வுக்கு முன்னே நின்ற நிபந்தனைகள் எண்ணற்றவை. அவற்றுள் எவரது தீய தெரிவு நிகழ்வை உண்டாக்கிற்றோ அவரையே பொறுப்பாளர் என்கிறோம். இது சட்டம் படித்தவர்க்கு மட்டுமன்றிச் சந்தைக்குச் செல்பவர்க்கும் தெரிந்ததே. ஆயினும், நிகழுமுன் அன்பினாற் சொல்லப்பட்ட அறிவுரை, நிகழ்ந்த பின் குற்றப்பத்திரமாக மாறிவிடுகின்றது. 'கவனம்' என்ற சொல் ஒரே இரவில் 'ஏன் போனாய்?' என ஆகிவிடுகின்றது. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் இலங்கையில் 2015இல் நடத்திய ஆய்வில், பேருந்திலும் புகையிரதத்திலும் பாலியல் தொல்லைக்கு ஒருமுறையேனும் ஆளான பெண்கள் 90 வீதத்தினர் எனவும், பொலிசாரின் உதவியை நாடியோர் 4 வீதத்தினரே எனவும் கண்டறியப்பட்டது. சட்டம் இல்லாமலில்லை, 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவிலே இதனைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. சட்டமிருந்தும் நாடாமைக்குக் காரணங்கள் பல இருக்கலாம். முறைப்பாடு செய்யச் செல்பவளை எதிர்கொள்ளும் முதற் கேள்வி எதுவாக இருக்குமென அவள் முன்கூட்டியே அறிந்திருப்பது அவற்றுள் ஒன்றென நான் எண்ணுகின்றேன்.

எச்சரிக்கைகளின் பட்டியலை முழுவதும் கடைப்பிடித்தால் ஆபத்து நீங்கிவிடுமா? இதற்கு எங்கள் மண்ணின் வரலாறு விடை தந்துள்ளது; அதனைச் சொல்வதற்கு என் பேனை தயங்குகின்றது. 1996ஆம் ஆண்டு செப்ரெம்பர் 7ஆம் திகதி, உயர்தர இரசாயனவியற் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிய பதினெட்டு வயது மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி, கைதடியில் இருந்த இராணுவச் சோதனைச்சாவடியிலே மறிக்கப்பட்டார். அவர் வன்புணர்வுக்குள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரைத் தேடிச் சென்ற தாயாரும் தம்பியும் அயலவர் ஒருவரும் கொல்லப்பட்டனர். 1998 யூலையில் இராணுவத்தினர் சிலருக்கு இதற்காக நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. எந்த அறிவுரையை அவர் மீறினார்? அது பகற்பொழுது, பழகிய பாதை, பரீட்சை மண்டபத்திலிருந்து வீட்டுக்குச் செல்லும் பயணம். காவலென்று பெயர்சூட்டப்பட்ட இடத்திலேதான் அது நிகழ்ந்தது. துணையோடு சென்ற தாயாரையும் அத்துணை காக்கவில்லை. அது யுத்தகாலம், விதிவிலக்கு என்று ஒதுக்குவோருக்கு, யுத்தம் முடிந்து ஆறாண்டுகளின் பின் 2015 மே மாதத்திலே புங்குடுதீவில் பாடசாலைக்குப் புறப்பட்ட ஒரு மாணவிக்கு நேர்ந்ததை நினைவூட்டுவேன். அங்கே குற்றவாளிகளாகக் காணப்பட்டுத் தண்டிக்கப்பட்டோர் எம்மவர்களே.

பிளேட்டோவின் 'குடியரசு' என்னும் நூலின் இரண்டாம் பகுதியிலே கைஜஸ் என்னும் இடையனின் மோதிரக் கதை வருகின்றது. அதனை விரலிலே திருப்பினால் அவன் பிறர் கண்ணுக்குப் புலப்படான். பிடிபடமாட்டோம் என்ற உறுதி கிடைத்த பின்னரும் ஒருவன் நீதியோடு நடப்பானா என்பதே அங்கு எழுப்பப்படும் வினா. எங்கள் பனங்கூடல் ஒழுங்கையை நினைக்குந்தோறும் இக்கதை என் மனத்தில் எழும். ஆளரவமற்ற தெரு, அங்கே வரும் ஒவ்வோர் ஆணின் விரலிலும் சிறிது நேரத்துக்கு அம்மோதிரத்தை அணிவிக்கின்றது. அவ்விடத்திலே சோதனைக்குள்ளாவது அவனது ஒழுக்கமேயன்றி அவளது புத்தி அன்று. நாங்களோ பரீட்சை எழுத வேண்டியவனை விட்டுவிட்டு அவளிடம் விடைத்தாளைக் கேட்கின்றோம். பெண்ணைச் சிறைவைத்துக் காக்கும் காவலால் ஆவதென்ன என வினவிய வள்ளுவரை மேடைகளிலே எடுத்துரைப்பவர்கள், பிறன்மனை நோக்காமையே பேராண்மை என அதே புலவர் ஆணை நோக்கிச் சொன்னதை ஏனோ விரைந்து கடந்து செல்கின்றனர்.

எனினும், ஆணின் மனந்திருந்தும் வரை காத்திருப்பது ஒன்றே வழியென்றால் அது நெடுங்காலக் காத்திருப்பாகும். கைஜஸின் மோதிரத்தை விரலிலிருந்து கழற்றுவதற்கு வேறொரு வழியுமுண்டு: தெருவிலே கண்கள் இருக்கச் செய்வது. அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் வெளியிட்ட நூலிலே, தெருவைக் காப்பது பொலிஸ் மட்டுமன்று, வாசலிலும் சாளரத்திலும் கடையிலும் இருந்து இயல்பாகப் பார்த்துக்கொண்டிருக்கும் மக்களின் கண்களே எனக் காட்டினார். அவர் யாழ்ப்பாணத்து வேலியை அறிந்திருந்தால் ஓர் அத்தியாயம் அதிகம் எழுதியிருப்பார் என நான் வேடிக்கையாக எண்ணுவதுண்டு. கிடுகு வேலியை எங்கள் சமூகத்தின் மூடுண்ட தன்மைக்கு அடையாளமாகக் கூறுவது வழக்கம். அது முழு உண்மையன்று. அவ்வேலியால் உள்ளே பார்ப்பது கடினம்; ஆனால் உள்ளிருப்பவருக்குத் தெருவிற் பேசும் ஒவ்வொரு சொல்லும் கேட்கும். ஓலை இற்றவிடத்திலே ஒரு கண் இருக்கும். இரு வளவுகளுக்கிடையே பொட்டு இருக்கும்; ஒரு கூச்சல் எழுந்தால் அதனூடாக ஆட்கள் வருவர். இன்று அவ்வேலிகள் ஆளுயர மதில்களாகிவிட்டன. இரும்புக் கதவு உள்ளே பூட்டப்பட்டிருக்கின்றது. பல வீடுகளில் உரியவர்கள் கடல்கடந்து சென்றுவிட, காவலுக்கு ஒரு முதியவரும் ஒரு நாயும் எஞ்சியுள்ளனர். அந்த மதில்கள் பாதுகாப்புக்கென்றே எழுப்பப்பட்டன. ஒவ்வொரு வீடும் தன்னைக் காத்துக்கொண்டதன் விளைவாகத் தெரு காவலற்றுப் போயிற்று. தனித்தனிக் காவல்களைக் கூட்டினாற் பொதுக் காவல் வந்துவிடாது என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டை நான் அறியேன். தெருவிளக்கு, பற்றை வெட்டுதல், ஒழுங்கை முடக்கில் ஒரு சிறு கடை ஆகியன பிரதேச சபைக் காரியங்களாகத் தோன்றலாம். அவை அறக் காரியங்களும் ஆகும்.

இங்கிலாந்தின் வடபகுதியிலே 1970களின் பிற்பாதியிற் பெண்கள் தொடர்ச்சியாகக் கொல்லப்பட்டபோது, இரவிலே வெளிச்செல்லாதீர் எனப் பெண்களுக்கே அறிவுரை கூறப்பட்டது. 1977 நவம்பரில் லீட்ஸ் முதலிய நகரங்களிலே பெண்கள் தீப்பந்தங்களோடு இரவில் ஊர்வலம் வந்து அதனை எதிர்த்தனர். கொலைசெய்வது ஓர் ஆணாயின் வீட்டிலே அடைபட வேண்டியவர் பெண்களா என்பதே அவர்கள் எழுப்பிய வினா. ஊரடங்கை ஆண்களுக்கு விதியுங்கள் என்பதை நான் தீர்வாகக் கொள்ளவில்லை. அவ்வாறு கூறினால் அநீதி என உடனே எமக்குத் தோன்றுகின்றதே, அந்த உடனடி உணர்வு மற்றைய ஊரடங்கைப் பற்றி ஏன் எழவில்லை என்பதையே சிந்திக்கச் சொல்கின்றேன்.

இத்தனைக்கும் பின்னர் ஓர் எதிர்வாதம் அசையாமல் நிற்கின்றது. அது என் அம்மாவின் வாதம். 'நீ சொல்வதெல்லாம் சரி. ஆனால் விளக்குப் போடும்வரை, ஆட்கள் திருந்தும்வரை, இன்றைக்கு ஆறு மணிக்கு நான் என்ன செய்ய?' கடலுக்குச் செல்லும் மகனை, பனையேறும் கணவனை, மோட்டார் சைக்கிளிற் பறக்கும் இளைஞனை நாம் ஆபத்தைக் காட்டி வீட்டில் நிறுத்துவதில்லை. அவர்களது துணிவை அவர்களிடமே விட்டுவிடுகின்றோம். வயதுவந்த பெண்ணுக்கும் அதே உரிமையுண்டு என்பேன்: ஆபத்தை எடைபோடும் தராசு, அதனைச் சுமப்பவளின் கையிலேயே இருக்கவேண்டும். மில் தமது சுதந்திரக் கோட்பாட்டினின்றும் சிறுவரை விலக்கி வைத்தது போல, பதினைந்து வயதுப் பிள்ளையின் தராசைப் பெற்றோர் சிறிது தாங்கிப் பிடிப்பதையும் நான் மறுக்கமாட்டேன். ஆயினும் தாங்கிப் பிடிப்பது வேறு, பறித்துக்கொள்வது வேறு. எந்த வயதில், எந்த மாலையில், எந்த ஒழுங்கையில் ஒன்று மற்றதாக மாறுகின்றது என்பதற்கு நான் அளவுகோல் காணவில்லை.

சென்ற விடுமுறைக்கு வீடு சென்றபோது என் தங்கை அதே ரியூசனுக்குச் செல்லத் தொடங்கியிருந்தாள். அவளுக்கு 'எடுத்துச் சொல்லும்படி' அம்மா என்னிடம் கூறினார். நான் எதுவும் எடுத்துச் சொல்லவில்லை. இருவருமாக இரண்டு சைக்கிள்களில் அவ்வொழுங்கையால் ஓடிச் சென்று, அன்று நான் மோதி நின்ற படலையைத் தட்டினோம். நாய் இப்போது கிழடாகிப் படுத்திருந்தது. வெளியே வந்த ஆச்சியிடம், இவள் என் தங்கை, செவ்வாயும் வியாழனும் ஐந்தரைக்கு இவ்வழியால் வருவாள் என்றேன். முன்பு ஒருநாள் நானும் இங்கே வந்து மோதினேன் என்றும் சொன்னேன். ஆச்சி சற்று நேரம் என்னைப் பார்த்தார். 'மணிச்சத்தம் கேட்டது பிள்ளை. ஆரோ விளையாடுதுகள் எண்டு இருந்திட்டன்' என்றார். பிறகு, படலைக்கு உட்புறம் மாட்டியிருந்த பூட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மணியை ஒருமுறை அடித்துக் காட்டும்படி தங்கையிடம் கேட்டார்.

அடுத்த செவ்வாய் அவள் தனியே போனாள். அம்மா ஐந்து மணி தொடக்கம் எங்கள் படலையடியிலே நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன்.